ஆவாரம்பூவும் சிப்பாயின் பூட்ஸும்

பொங்கலுக்கு முந்தின நாள். திண்டுக்கல்லில் எங்கள் பெரியம்மா வீட்டில் காலையிலிருந்தே ஒரே அமர்க்களம். வெள்ளையடித்தாயிற்று, கரும்பு வாசலில் சாய்ந்து நிற்கிறது, புதுப்பானைக்கு மஞ்சள் கொத்தும் வந்துவிட்டது. ஆனால் காப்புக் கட்ட ஆவாரம்பூ இல்லை. வேப்பிலை இருக்கிறது, பூளைப்பூ இருக்கிறது, ஆவாரம்பூ மட்டும் இல்லை. மார்க்கெட்டுக்குப் போய் வந்த பெரியம்மாவின் பிள்ளை, "ஒரு பிடி முப்பது ரூபாய் சொல்கிறான் அம்மா, அதுவும் வாடிக் கிடக்கிறது" என்று கையை விரித்தான்.

"கேட்பாரற்றுக் காட்டில் பூக்கிற பூவுக்கு முப்பது ரூபாயா?" என்று பெரியம்மா வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கும்படி நியாயம் கேட்டாள்.

தெரு பதில் சொல்லவில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி எப்போதும் உட்கார்ந்திருப்பார். அவர்தான் சொன்னார்:

"எங்கிட்டுக் கெடைக்கும் தாயி? இந்தப் பக்கத்து ஆவாரம் பூராவும் சண்டைக்கில்ல போச்சு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆவாரஞ்செடியாவது, சண்டைக்குப் போவதாவது! "எந்தச் சண்டை பாட்டி?" என்று கேட்டேன்.

"செருமன் சண்டைக்கு எங்காத்தா உரிச்சா. சப்பான் சண்டைக்கு நான் உரிச்சேன். பட்டையை உரிச்சுப்புட்டா செடி நிக்குமா?"

நேயர்களே, இந்த வாரம் பொங்கல் பட்சணங்களைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்த வாக்கு திண்ணையோடு போயிற்று. பட்சணம் செய்ய உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் நாம் காப்புக் கட்டுகிற பூவுக்கும், பிரான்சு தேசத்துச் சேற்றில் நின்ற ஒரு சிப்பாயின் காலுக்கும் என்ன உறவு என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்!

முதல் மகாயுத்தம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு போட்டதுதான். அந்தக் கப்பல் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் பொல்லாத பிள்ளையை 'சரியான எம்டன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதோடு யுத்தம் நம் கரையை விட்டுப் போய்விட்டது என்று நினைப்பு. போகவில்லை. திண்டுக்கல் பொட்டல் வரை வந்தது. குண்டாக வரவில்லை, ஆர்டராக வந்தது.

சிப்பாய்க்குத் துப்பாக்கி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பூட்ஸ். ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் மழையும் சேறும். ஒரு ஜோடி பூட்ஸ் எத்தனை நாள் தாங்கும்? மாடுகளின் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து அனுப்புவது சென்னை ராஜதானியின் பழைய தொழில். 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்று அதற்கு லண்டனில் பெயர். பூட்ஸின் மேல்பாகத்துக்கு அதைப்போல உண்டா என்று அங்கே கண்டுகொண்டார்கள். 1916-இல் பிரிட்டிஷ் யுத்த இலாகா, பதனிட்ட மாட்டுத்தோல் அனைத்தையும் தானே எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டு 'இந்திய மியூனிஷன்ஸ் போர்டு' என்று ஒன்று பிறந்தது. அதன் தலைவர் ஸர் தாமஸ் ஹாலண்டு என்பவர் மண்ணையும் பாறையையும் ஆராய்ந்த பூகர்ப்ப சாஸ்திரி. யுத்தம் வந்தால் யார் யாருக்கு என்ன உத்தியோகம் கிடைக்கிறது பாருங்கள்!

இங்கேதான் நம் ஆவாரை வருகிறது. பூவன்காயைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கிறதே, நேரமான தேத்தண்ணீர் துவர்க்கிறதே, அந்தத் துவர்ப்புத்தான் 'டானின்'. அழுகிப் போகிற தோலை அழுகாத தோலாக மாற்றுவது அது. ஆவாரம்பட்டையில் அது அமோகமாக இருக்கிறது. மாட்டுத்தோல் மலைபோல் வந்து குவியவே பட்டை போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆட்டுத்தோலை லைசென்ஸ் இல்லாமல் பதனிடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். இருக்கிற பட்டையெல்லாம் பூட்ஸ் தோலுக்கே போகவேண்டும் என்பதற்காக! காட்டில் தானாக முளைத்த ஒரு பூச்செடி, சக்கரவர்த்தியின் ராணுவத் தளவாடமாகிவிட்டது.

பாட்டியின் தாயார் அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண். அவர் சொன்னதைப் பாட்டி எனக்குச் சொன்னார். கருக்கலில் எழுந்து சிறுமலைப் பக்கம் பொட்டலுக்கு நடப்பார்களாம். கிளையை அரிவாளால் அறுத்து, கட்டையால் தட்டி, பட்டையை நார்போல உரித்து, காயவைத்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து தோல் ஷாப்பில் நிறுத்துப் போட்டால் காசு. அரிவாளும் பட்டையும் பட்ட கை ஒரு வாரத்துக்குக் கறுப்பாயிருக்குமாம். "சோத்தைப் பிசைஞ்சா சோறு தொவக்கும் தாயி" என்றார் பாட்டி. முன்பெல்லாம் ஒருமுறை வெட்டிய இடத்தை விட்டுவிட்டு, அது தழைத்து வந்த பிறகுதான் மறுபடி போவார்களாம். விலை ஏறியபின் அந்த வழக்கம் மறைந்தது. தூரை வெட்டினார்கள். கடைசியில் வேரைக்கூட விடவில்லை.

குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! பட்டை நிறுத்த காசில்தான் பாட்டியின் தாயாருக்கு மூக்குத்தி வந்தது.

பட்டையோடு போகவில்லை சமாசாரம். யுத்தம் முடிகிற தறுவாயில், 1917 ஏப்ரல் முதல் 1918 அக்டோபர் வரை பத்தொன்பதே மாதத்தில், மியூனிஷன்ஸ் போர்டின் மரப்பிரிவு மட்டும் இந்தியக் காடுகளிலிருந்து 2,28,000 டன் மரத்தை எடுத்துக்கொடுத்தது. ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் இந்தக் கணக்கில் சேராது. எகிப்திலும் இராக்கிலும் நின்ற ராணுவக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் 50,000 டன் புல் கப்பலேறிற்று. நம் ஊர்ப் பசுவின் வாயிலிருந்த புல்லைப் பிடுங்கி இராக்கில் நின்ற குதிரைக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "கதையெல்லாம் சரி, பூவுக்கு என்ன வழி?" என்றாள். பேகம்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பெரியம்மாவின் நாத்தனார் இருக்கிறார். எனக்கு அத்தை முறை. அவருடைய கொல்லைப்புறம் முழுவதும் ஒரு காலத்தில் ஆவாரையாக இருக்குமாம். பிள்ளையின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பேகம்பூர் என்ற பெயரே ஒரு யுத்த காலத்துப் பெயர்தான். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் இடம். ஊர் நடுவே நிற்கிற கோட்டைமலை எத்தனை கை மாறிற்று! நாயக்கர், ஹைதர், திப்பு. 1790-இல் வெள்ளைக்காரன் பிடித்தான், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் கம்பெனிக்கே சொந்தமாயிற்று. அந்தச் சண்டைகளிலும் காடு தப்பவில்லை. 1801-இல் மருது சகோதரர்களைத் தேடிக் காளையார்கோயில் காட்டுக்குள் கம்பெனிப் படை மரம் மரமாக வெட்டி வழி உண்டாக்கப் பார்த்தது. ஒரு மாதம் வெட்டியும் காடு வழிவிடவில்லை, பிறகு வேறு பாதை பிடித்துத்தான் உள்ளே போனார்கள். காடு ஒரு கோட்டையாக நின்றால் எதிரிக்குக் கோபம் காட்டின் மேலும் வருகிறது.

அத்தை வீட்டுக் கொல்லையில் ஆவாரை இல்லை. சீமைக்கருவேல் இருந்தது. நடுவே கல் பாவிய அழகான கிணறு ஒன்று, மேலே பலகை போட்டு மூடிக் கிடந்தது.

"தண்ணீர் இல்லையா அத்தை?"

"தண்ணிக்கு என்ன கொறச்சல்? எட்டிப் பாரு" என்றார்.

பார்த்தேன். பத்தடியில் பளபளவென்று கிடந்தது. ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தேன். வைத்த வேகத்தில் துப்பினேன். உப்பும் கசப்பும் கலந்த ஏதோ ஒன்று. அந்த ஜலத்தில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி சிக்காகிவிடும். வெங்கலப் பானையில் ஒரு வாரம் வைத்தால் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அத்தை குடிப்பதும் சமைப்பதும் கேன் தண்ணீரில். கேன் ஒன்று நாற்பது ரூபாய். பொங்கல் பானையில் நாளைக்குப் பொங்கப்போவதும் அதுதான்.

தோல் பதனிடுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டித்தான் அனுப்புகிறார்கள். முதல் வேலை, அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்புத் தொட்டி, மயிர் நீக்குவது, கொழுப்பு சுரண்டுவது, பட்டைத் தொட்டி. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் போகிறது. அத்தனையும் எங்கே போகும்? ஓடைக்குப் போயிற்று, குளத்துக்குப் போயிற்று, குடகனாற்றுக்குப் போயிற்று. அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குள் வந்தது. பட்டைத் தொட்டிகளிருந்த காலத்தில் கறுப்புத் தண்ணீர் என்றால், பின்னாளில் குரோமிய உப்பில் பதனிடத் தொடங்கியதும் விஷம் வேறு விதமாயிற்று. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாதே, முடித்த தோலாக அனுப்பி அந்நியச் செலாவணி கொண்டுவா என்று சர்க்காரே உற்சாகப்படுத்தியது. ஆகவே இந்தக் கிணற்றை யுத்தம் கெடுத்தது என்று சொன்னால் அது அபாண்டம். யுத்தம் செய்தது வேறு. ஊருக்கு ஏற்ற அளவில் நடந்துவந்த ஒரு தொழிலை, உலகத்துக்கே செருப்புத் தைக்கிற அளவுக்கு இரண்டு தடவை ஊதிப் பெரிதாக்கிவிட்டது. வண்டியைத் தள்ளிவிட்டவன் போய்விட்டான். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங்கின் பெயர் இந்தப் பக்கத்தில் பலருக்கு ஞாபகமிருக்கிறது. தோல் தொழில் நாட்டுக்கு எவ்வளவு வேண்டியதானாலும், மண்ணையும் நீரையும் நாசம் செய்ய அதற்கு உரிமையில்லை என்று கோர்ட்டு சொல்லிற்று. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களிலுள்ள ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லையானால் கதவடைப்பு. அந்தத் தீர்ப்பிலேயே நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எண்ணிப் பார்த்ததில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

மைல் கணக்கில் நடந்த அந்தக் குழந்தைகளில் ஒன்று எங்கள் அத்தை. பிறந்ததும் இதே கிராமந்தான். வாழ்க்கைப்பட்டது இரண்டு தெரு தள்ளி. "காலையில ரெண்டு நடை, பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு நடை. ஒரு நாள் நாலாவது நடைக்கு நேரமாயிருச்சுன்னு பள்ளிக்கூடமே வேணாம்னுட்டாங்க. எட்டாவதோட சரி" என்றார். கணக்கில் வகுப்பிலேயே முதலாம் அவர். கேன்காரன் மீதி கொடுக்கும்போது அவர் விரல்விட்டு எண்ணுவதில்லை. பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தைதான், "எந்திரி, பூவுக்கு வந்தவ பூவைப் பாரு. நத்தம் ரோட்டுல மலையடிவாரம் போங்க, அங்கன கெடைக்கும்" என்று விரட்டினார்.

இரண்டாம் மகாயுத்தத்துக் கதையும் பாக்கியிருக்கிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. 'அதிக உணவு விளைவிப்போம்' என்று இயக்கம் தொடங்கிப் புறம்போக்கையும் காட்டோரத்தையும் உழக் கொடுத்தார்கள். பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய தகர உருளையைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகைவாயுவில் பஸ் ஓட்டினார்கள். கரி பஸ் என்றால் நம் தாத்தா பாட்டிமார் இன்றும் சிரிப்பார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் கரி எங்கிருந்து வந்தது? மலையடிவாரத்து மரங்களிலிருந்துதான். வண்டி வண்டியாகக் கரி மூட்டை வந்து இறங்கியது எங்கள் திண்ணைப் பாட்டிக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. மறுபடியும் பூட்ஸுக்குத் தோல். இந்த முறை இந்திய ராணுவமே 25 லட்சம் பேர்! மறுபடியும் பட்டை.

ஆனால் அதற்குள் ஆவாரை இளைத்துப்போயிற்று. இடைக்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து 'வாட்டில்' என்ற மரத்தின் பட்டை கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதில் டானின் அதிகம். யுத்தத்தில் கப்பலுக்கு எத்தனை பஞ்சம் என்று நாம் அறிவோம். எதற்காக வெளிநாட்டை நம்பியிருப்பது, நாமே வளர்த்துவிட்டால் போகிறது என்ற எண்ணம் யுத்தத்துக்குப் பிறகு வலுத்தது. எங்கே வளர்ப்பது? நீலகிரியிலும், நம் கொடைக்கானல் மலையிலும். அங்கே 'சும்மா' கிடந்த புல்வெளியில்!

இந்தச் 'சும்மா' என்ற சொல்லின் மேல் எனக்கு மிகுந்த ஆத்திரம். வீட்டில் இருக்கிற பெண்ணைப் பார்த்து 'சும்மாதானே இருக்கிறாள்' என்பார்கள் அல்லவா, அதே சும்மாதான். அந்தப் புல் சும்மா கிடக்கவில்லை. மழையைக் குடித்து, மண்ணுக்குள் இறக்கி, கோடையிலும் சொட்டுச் சொட்டாகச் சோலைக்கும் ஓடைக்கும் விட்டுக்கொண்டிருந்தது. மஞ்சளாறு, வரதமாநதி, குதிரையாறு என்று கொடைக்கானல் மலையின் நீர் கீழே இறங்கித்தான் வத்தலக்குண்டுப் பக்கத்தையும் பழனிப் பக்கத்தையும் நனைக்கிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு மேலே உள்ள புல்தான் தண்ணீர்த் தொட்டி.

அதில் வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் நட்டார்கள். மரம் நடுவது தவறு என்று யாராவது சொல்வார்களா? கல்லூரியில் படிக்கும்போது நாங்களே உல்லாசப் பிரயாணம் போய், மஞ்சளாகப் பூத்துக் குலுங்கிய வாட்டில் காட்டைப் பார்த்து, 'ஆஹா, இயற்கை!' என்று மெய்ம்மறந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தால் தோல் கிடங்கின் முன்னால் நின்று சிரித்தது போலிருக்கிறது.

1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலைத் தொடரின் உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. பெரும்பாலும் மரத்தோட்டம், மீதி வேளாண்மை. உதகமண்டலத்தில் மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் இரண்டு ஓடைகளை வருஷக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். புல்வெளியில் யூகலிப்டஸ் நட்ட இடத்தில், முதல் பத்து வருஷத்தில் ஓடைநீர் நூற்றுக்குப் பதினாறு பங்கு குறைந்தது. வெட்டியபின் மறுபடி தழைத்த இரண்டாம் வளர்ப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து. நாம் வாங்குகிற பாலில் இவ்வளவு குறைந்தால் பால்காரனைச் சும்மா விடுவோமா?

வேடிக்கை என்னவென்றால், யாருக்காக வாட்டில் நட்டார்களோ அவர்கள் குரோமியத்துக்குப் போய்விட்டார்கள். பட்டைக்கு முன்போலக் கிராக்கி இல்லை. மரம் மட்டும் நின்றுவிட்டது; நின்றதோடு பரவிற்று. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் முளைக்கும், எரித்தால் இன்னும் நன்றாக முளைக்கும். 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. வட்டக்கானல் பக்கம் சிலர் பழைய புல் வகைகளைத் தேடிப்பிடித்து நாற்றுவிட்டு நடுகிறார்கள். புல்லுக்கு நாற்றங்கால்! நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்.

குண்டு விழுந்த தேசங்களின் கதை இதைவிடக் கொடியது. அதை நான் மறக்கவில்லை. பிரான்சில் வெர்டனைச் சுற்றி முதல் யுத்தத்து வெடிகுண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன; சில இடங்களில் மனிதர் குடியேற இன்றும் அனுமதி இல்லை. வியட்நாமில் 1961 முதல் 1971 வரை காடு இலையுதிரவேண்டும் என்று விமானத்திலிருந்து 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி தெளித்தார்கள். அதிலிருந்த டயாக்ஸின் நஞ்சு தாய்மார்கள் வயிற்றுப் பிள்ளை வரை போயிற்று. 1991-இல் குவெய்த்தில் அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் மாதக்கணக்கில் எரிந்தன. 2023 ஜூன் 6-ஆம் தேதி உக்ரைனில் ககோவ்கா அணை உடைந்து, கடல் போலிருந்த நீர்த்தேக்கமே வடிந்துபோயிற்று. அவ்வளவு தூரம் எதற்கு, கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். முகமாலைப் பனங்காட்டு மண்ணில் புதைத்த கண்ணிவெடிகளை, யுத்தம் 2009-இல் முடிந்த பிறகு, மண்டியிட்டு உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகத் தோண்டி எடுத்தவர்களில் பலர் பெண்கள். நாம் அரிசியில் கல் பொறுக்குகிறோமே, அந்த நிதானத்தோடு.

ஆனால் திண்டுக்கல்லில் ஒரு குண்டுகூட விழவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் சண்டை. இங்கே ஒரு பொட்டல்காடு மொட்டையாயிற்று. ஒரு மலையின் தலைமுடி மாறிற்று. ஐக்கிய நாடுகள் சபை 2001 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 6-ஆம் தேதியை யுத்தத்தில் இயற்கை சூறையாடப்படுவதைத் தடுக்கும் தினமாக வைத்திருக்கிறது. அன்றைக்கு வெர்டனையும் வியட்நாமையும் பேசுவார்கள். ஆவாரம்பட்டையை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

நத்தம் ரோட்டில் சிறுமலை அடிவாரத்தில், அத்தை சொன்ன இடத்தில், ஆவாரை இருந்தது. பாதையோரத்தில் ஏழெட்டுத் தூறு. மாலை வெயிலில் அந்த மஞ்சளைப் பார்க்க வேண்டுமே! நான்கு கொத்துத்தான் பறித்தோம். அதற்குமேல் பறிக்கக் கை வரவில்லை. அத்தைக்கு ஒரு கொத்து கொடுத்துவிட்டு வீடு வந்து சேர விளக்கு வைத்துவிட்டார்கள்.

"நாலு கொத்துக்கா நாள் முழுக்க ஊர் சுற்றினீர்கள்?" என்று பெரியம்மா ஆரம்பித்தாள். நான் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பாட்டியின் மடியில் வைத்தேன். பார்வை மங்கிய அந்தக் கண்கள் பூவைப் பார்க்கவில்லை. விரல் தானாகவே தண்டைத் தேடிற்று. கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல். அடுத்த கணம் பட்டை முழுவதும் ஒரே நாராக உரிந்து பாட்டியின் கையில் தொங்கியது. எண்பது வருஷத்துக்கு முந்தின கைவேகம்!

"ஐயையோ, பெரியாத்தா! அது காப்புக்கு வந்த பூ, உரிச்சுப்புடாதீங்க!" என்று பெரியம்மா வாசலிலிருந்தே கூவினாள்.

பாட்டி அந்த நாரை வாயில் வைத்து மென்றுகொண்டே, பூவை மட்டும் பத்திரமாக என்னிடம் நீட்டினார்.